தல்லா கியேசா: மாஃபியாவின் எதிரே ஒரு காவல் தளபதி

இத்தாலியின் காராபினியேரி படையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு பணியாற்றி, பலேர்மோ மாகாணத்தில் மைய அரசின் பிரதிநிதியான பிரிஃபெக்ட் பொறுப்பில் இருந்தபோது மாஃபியாவால் கொல்லப்பட்டவர் ஜெனரல் கார்லோ ஆல்பெர்தோ தல்லா கியேசா (1920–1982). பணிக்காலத்தில் மூன்று முறை அவர் சிசிலிக்கு அனுப்பப்பட்டார். இடையில் வட இத்தாலியில் சிவப்பு பிரிகேட் என்னும் ஆயுதக் குழுவை முறியடித்ததில் பெரும்பங்கு அவருடையது. அதே மனிதர், அதே உழைப்பு. வடக்கே வெற்றி கிடைத்தது. தெற்கே மூன்றாம் முறை போனவர் ஏறக்குறைய நான்கு மாதமே உயிரோடு இருந்தார். இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை அந்தந்தக் காலத்தில் அவர் கையில் இருந்த சட்டத்திலும் அதிகாரத்திலும்தான் தேட வேண்டும்.

இத்தாலியில் காவல் பணி ஒரே துறையின் கையில் இல்லை. உள்துறையின் கீழ் அரசுக் காவல்துறை, பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த காராபினியேரி, நிதித்துறையின் கீழ் வரி ஏய்ப்பையும் கடத்தலையும் கவனிக்கும் நிதிக் காவல்படை என மூன்று உண்டு. மூன்றுக்கும் இடையே பழைய போட்டியும் உண்டு. ஒன்றின் கோப்பு இன்னொன்றின் மேசைக்குப் போகாத நிலை மாஃபியாவுக்குப் பலகாலம் வசதியாக இருந்தது.

சிசிலிய மாஃபியாவை வெறும் கொள்ளைக் கூட்டமாகப் பார்த்தால் எதுவும் புரியாது. பெருநிலக்கிழார்களின் தோட்டங்களுக்குக் காவலாகவும் குத்தகைதாரராகவும் தொடங்கி, கூலி விவசாயிகளை அடக்கிவைத்து, கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கி, தேர்தலில் ஓட்டுத் திரட்டிக் கொடுத்து, பதிலுக்கு அரசு ஒப்பந்தங்களைப் பெற்று வளர்ந்த அமைப்பு அது. முசோலினி ஆட்சியில் 1925 முதல் 1929 வரை பலேர்மோவின் பிரிஃபெக்டாக இருந்த செசாரே மோரி இதை இரும்புக் கரத்தால் ஒடுக்க முயன்றார். 1926 ஜனவரியில் காஞ்சி என்ற மலையூரை முற்றுகையிட்டு, குடும்பத்தாரைப் பிடித்துவைத்து, தலைமறைவானவர்களைச் சரணடையச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். ஆனால் அடியாள்கள் சிறைக்குப் போக, மேல்தட்டில் இருந்த புரவலர்களில் பலர் தப்பினார்கள். 1943-இல் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியபின் பழைய ஆள்கள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். மோரியின் அந்த நடவடிக்கையில் பங்குகொண்ட காராபினியேரி அதிகாரிகளில் ஒருவர் ரொமானோ தல்லா கியேசா. கார்லோ ஆல்பெர்தோவின் தந்தை அவர்.

மகன் 1920 செப்டம்பர் 27 அன்று பியட்மாண்ட் பகுதியின் சலுட்சோ நகரில் பிறந்தார். போர்க்காலத்தில் மாண்டினீக்ரோவில் தரைப்படை அதிகாரியாகப் பணியாற்றி, 1942-இல் காராபினியேரிக்கு மாறினார். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்து ஜெர்மானியர் நாட்டைப் பிடித்துக்கொண்டபோது, மார்க்கே பகுதியில் எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்தார். போர் முடிந்தபின் நேப்பிள்ஸ் அருகே கசோரியாவில் கொள்ளையரைத் தேடும் வேலை. பிறகு 1949-இல் சிசிலி.

அப்போது தீவில் சல்வத்தோரே ஜூலியானோ என்ற கொள்ளைத் தலைவனைப் பிடிக்க ஒரு தனிப்படை அமைக்கப்பட்டிருந்தது. அதில் கேப்டனாகச் சேர்ந்த தல்லா கியேசாவுக்குக் கிடைத்த ஊர் கொர்லேயோனே. அங்கே ஓராண்டுக்கு முன், 1948 மார்ச் 10 அன்று, பிளாச்சிதோ ரிட்சொத்தோ என்ற விவசாயத் தொழிற்சங்கத் தலைவர் காணாமற்போயிருந்தார். தரிசு நிலங்களை விவசாயிகளுக்குப் பிரித்துக்கொடுக்கப் போராடியவர் அவர். கொலையைப் பார்த்ததாகச் சொல்லப்படும் ஆடு மேய்க்கும் சிறுவன் ஊர் மருத்துவமனையில் இறந்துபோனான். அந்த மருத்துவமனைக்குத் தலைவரான மருத்துவர் மிக்கேலே நவார்ராதான் ஊரின் மாஃபியாத் தலைவரும். வழக்கு அத்தோடு முடிந்ததென்றே எல்லாரும் நினைத்தார்கள்.

புதிய கேப்டன் கோப்பை மறுபடி திறந்தார். சந்தேகப்பட்ட இருவரைப் பிடித்து விசாரித்ததில் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சுட்டவன் லூச்சானோ லெஜ்ஜோ என்ற இளைஞன் என்றும், உடலை ரோக்கா புசாம்ப்ரா மலையின் ஒரு பாறைப் பிளவில் போட்டதாகவும் சொன்னார்கள். பிளவுக்குள் ஆளை இறக்கி மனித எச்சங்கள் எடுக்கப்பட்டன. ஆனால் நீதிமன்றத்தில் இருவரும் வாக்குமூலத்தை மறுத்தார்கள். எச்சங்கள் யாருடையவை என்று அன்றைய மருத்துவத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போதிய சாட்சியம் இல்லை என்று லெஜ்ஜோ விடுவிக்கப்பட்டான். ரிட்சொத்தோவின் எலும்புகள் மரபணுச் சோதனையில் உறுதியானது 2012-இல்தான். அவ்வாண்டு மே மாதம் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

தோற்றுப்போன இந்த வழக்குதான் தல்லா கியேசாவின் பிற்கால வேலைமுறையை வடித்தது என்று சொல்லலாம். வாக்குமூலத்தை மட்டும் நம்பினால் வழக்கு நிற்காது. ஒருவனைப் பிடிப்பதைவிட அவனைச் சுற்றியுள்ள உறவு, தொழில், பணம், அரசியல் தொடர்பு ஆகியவற்றை வரைந்துகொள்வது முக்கியம். கொர்லேயோனேயின் கதையும் அங்கே முடியவில்லை. லெஜ்ஜோ 1958-இல் தன் தலைவர் நவார்ராவையே கொன்று ஊரைக் கைப்பற்றினான். அவனிடம் வளர்ந்தவர்கள் சல்வத்தோரே ரீனாவும் பெர்னார்தோ புரொவென்சானோவும். கேப்டனாக இருந்தபோது தல்லா கியேசா துரத்திய கும்பலின் அடுத்த தலைமுறை முப்பது ஆண்டுகள் கழித்து அவரைக் கொன்றது.

1966-இல் கர்னலாக, பலேர்மோவின் காராபினியேரித் தளபதியாக அவர் திரும்பியபோது மாஃபியா நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்திருந்தது. பலேர்மோவின் பழைய மாளிகைகளும் எலுமிச்சைத் தோப்புகளும் அழிந்து அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்தன. கட்டட அனுமதி, சிமெண்ட், நகராட்சி ஒப்பந்தம் எல்லாவற்றிலும் மாஃபியாவின் கை இருந்தது. நீதிமன்றங்களோ பழைய பாதையிலேயே போயின. 1968-இல் கட்டன்சாரோவிலும் 1969-இல் பாரியிலும் நடந்த பெரிய வழக்குகளில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். பாரியில் 64 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி பிறழ்வதும் பேச மறுப்பதும் வழக்கமாக இருந்த ஊரில், தனித்தனிக் கொலைக்குத் தனித்தனிச் சாட்சி கேட்டால் வேறு என்ன நடக்கும்?

1969 டிசம்பரில் வியாலே லாட்சியோ தெருவில் கூட்டுக்கொலை, 1970 செப்டம்பரில் பத்திரிகையாளர் மவுரோ தே மவுரோ காணாமற்போனது, 1971 மே மாதம் தலைமை அரசு வழக்கறிஞர் பியேத்ரோ ஸ்காலியோனே கொலை என்று இந்த ஆண்டுகள் நகர்ந்தன. தல்லா கியேசாவின் படை காவல்துறையோடு சேர்ந்து 114 பேரைப் பற்றிய ஒரு பேரறிக்கையைத் தயாரித்தது. தனித்தனிக் குற்றங்களை விட்டு, ஒரு வலைப்பின்னலாக மாஃபியாவைக் காட்ட முயன்ற ஆவணம் அது. நாடாளுமன்றத்தின் மாஃபியா விசாரணைக் குழுவின் முன்பும் அவர் சாட்சியம் அளித்தார். மாஃபியாக்காரர்களை வட இத்தாலிய ஊர்களில் கட்டாயமாகக் குடியமர்த்தும் பழக்கம், நோயைப் பரப்புவதற்குச் சமம் என்பது அவர் கருத்து. பதிலாகச் சின்னத் தீவுகளில் வைக்கச் சொன்னார். ஸ்காலியோனே கொலைக்குப்பின் சிலரை ஃபிலிகூதி தீவுக்கு அனுப்பியபோது தீவு மக்களே கிளர்ந்தெழுந்தார்கள். கைதிகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

1973-இல் பிரிகேடியர் ஜெனரலாகப் பதவி உயர்ந்து தூரினோ நகருக்குப் போனார். வடக்கில் அப்போது தொழிற்சாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் தளமாகக்கொண்டு சிவப்பு பிரிகேட் வளர்ந்துகொண்டிருந்தது. 1974 மே மாதம் அவர் தொடங்கிய பயங்கரவாத எதிர்ப்புத் தனிப்பிரிவு, இத்தாலியக் காவல் வரலாற்றில் ஒரு புதிய வகை. அதன் ஆள்கள் சீருடை அணியவில்லை. தாடியும் நீண்ட முடியும் வைத்துக்கொண்டு, பொய்ப்பெயரோடு தொழிலாளர் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தார்கள். உள்ளூர் நிலையங்களோடு தொடர்பில்லை. தலைவர் ஒருவருக்குத்தான் பதில் சொன்னார்கள். குழுவின் துண்டறிக்கைகளைக் கரைத்துக் குடித்து, அவர்களுடைய பேச்சையும் பழக்கவழக்கங்களையும் கற்றார்கள். எல்லாவற்றிலும் கடினமான விதி, ஒருவனைக் கண்டவுடன் பிடிக்காமல் விட்டுப் பின்தொடர்வது. அவன் யாரைச் சந்திக்கிறான், அவர் யாரைச் சந்திக்கிறார் என்று சங்கிலி முழுவதும் தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

முதல் பலன் சீக்கிரம் வந்தது. லத்தீன் அமெரிக்காவில் கெரில்லாக்களோடு இருந்துவிட்டு வந்த முன்னாள் துறவி சில்வானோ ஜிரோத்தோவை உளவாளியாக உள்ளே அனுப்பினார்கள். 1974 செப்டம்பர் 8 அன்று பினரோலோ அருகே ரெனாத்தோ கூர்ச்சோ, ஆல்பெர்தோ ஃபிரான்செஸ்கீனி என்ற, குழுவின் நிறுவனர்கள் இருவர் பிடிபட்டார்கள். ஐந்து மாதத்தில் கூர்ச்சோவை அவன் தோழர்கள் கசாலே சிறையிலிருந்து விடுவித்துக் கொண்டுபோனார்கள். 1975-இல் அரசு அந்தத் தனிப்பிரிவையே கலைத்தது. வேலை செய்யும் கருவியைப் பாதியில் உடைத்துப் போடும் இந்தப் பழக்கம் ரோமாபுரி அரசியலில் பின்னும் தொடர்ந்தது.

1977 முதல் சிறைப் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் வேலை. அசினாரா, குனேயோ, திரானி போன்ற இடங்களில் உயர்பாதுகாப்புச் சிறைகள் உருவாயின. 1978 மார்ச் 16 அன்று முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோ கடத்தப்பட்டு, மே 9 அன்று பிணமாகக் கிடைத்தார். அந்தக் கோடையில்தான் அரசு தல்லா கியேசாவுக்குத் தெளிவான அதிகாரம் கொடுத்தது. நாடு முழுவதற்கும் பொறுப்பு. காவல்துறை, காராபினியேரி இரண்டிலிருந்தும் ஆள்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமை. நேராக உள்துறை அமைச்சருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அக்டோபர் 1 அன்றே மிலானில் வியா மோந்தே நெவோசோ தெருவின் மறைவிடம் சிக்கியது. மோரோ சிறைப்பட்டிருந்தபோது எழுதியவற்றின் தட்டச்சுப் படி அங்கே கிடைத்தது.

அதிகாரத்தோடு சட்டமும் வந்தது. 1979 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்டு அடுத்த பிப்ரவரியில் சட்டமான அவசர ஆணை, குழுவை விட்டு விலகி விசாரணைக்கு உதவுபவர்களின் தண்டனையைப் பெருமளவு குறைத்தது. நம் நீதிமன்றங்களில் அப்ரூவர் என்கிறோமே, ஏறக்குறைய அது. 1980 பிப்ரவரியில் தூரினோவில் பிடிபட்ட பத்ரீத்சியோ பெச்சி, பிரிகேட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவன். அவன் பேசியபின் மறைவிடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பழிக்குப் பழியாக அவன் தம்பியை 1981-இல் கடத்திக் கொன்றார்கள். ஆனால் குழு மறுபடி நிமிரவில்லை.

இந்தக் காலத்தின் மீதான குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1974 மே மாதம் அலெஸ்ஸாந்திரியா சிறைக் கலகத்தைப் பலவந்தமாக அடக்கியதில் பிணைக்கைதிகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். 1980 மார்ச்சில் ஜெனோவாவின் வியா ஃபிராக்கியா வீட்டில் நான்கு பிரிகேட் ஆள்கள் சுட்டுக்கொல்லப்பட்டதன் விதம் இன்றும் விவாதப்பொருள். மிலான் மறைவிடத்தில் 1990-இல் சுவரை இடித்தபோது மோரோவின் மேலும் பல பக்கங்கள் கிடைத்ததால், முதல் சோதனை சரியாக நடந்ததா என்ற கேள்வி எழுந்தது. 1981-இல் பி-2 என்ற இரகசிய ஃபிரீமேசன் கழகத்தின் ஆவணங்களில் அவர் பெயரில் ஒரு விண்ணப்பமும் இருந்தது. அவரைப் புனிதராக வரைபவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1981 டிசம்பரில் அவர் காராபினியேரியின் துணைத் தலைமைத் தளபதி. அந்தப் படையைச் சேர்ந்த ஒருவர் அன்றைய விதியின்படி ஏறக்கூடிய உச்சி அதுவே. தலைமைப் பதவி தரைப்படை ஜெனரலுக்கென்று இருந்தது. பலேர்மோவிலோ ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. காவல்துறையின் போரிஸ் ஜூலியானோ, நீதிபதி செசாரே தெர்ரனோவா (இருவரும் 1979), சிசிலியின் முதல்வர் பியேர்சாந்தி மத்தரெல்லா, காராபினியேரி கேப்டன் எமனுவேலே பசீலே, அரசு வழக்கறிஞர் கயெத்தானோ கோஸ்தா (மூவரும் 1980) என ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். 1981 வசந்தத்தில் கொர்லேயோனே கும்பல், பலேர்மோவின் பழைய தலைவர்களான ஸ்தெஃபானோ போந்தாத்தேயையும் சல்வத்தோரே இன்செரில்லோவையும் கொன்றது. தொடர்ந்த போரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஹெராயின் வியாபாரத்தின் பெரும்பணம் இதற்குப் பின்னால் இருந்தது.

1982 வசந்தத்தில் அரசு அவரைப் பலேர்மோவின் பிரிஃபெக்டாக நியமித்தது. பிரிஃபெக்ட் என்பவர் மாகாணத்தில் மைய உள்துறையின் பிரதிநிதி. காவல் படைகளைக் கலந்தாலோசிக்கலாம்; பக்கத்து மாகாணத்தில் அவர் சொல் செல்லாது. மாஃபியா மாகாண எல்லையைப் பார்த்துத் தொழில் செய்வதில்லை. ஆகவே தீவு முழுவதற்குமான ஒருங்கிணைப்பு அதிகாரத்தை எழுத்தில் கேட்டார். ஏப்ரல் 2 அன்று பிரதமர் ஸ்பதொலீனிக்கு எழுதிய கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வாய்மொழியாகச் சம்மதம் வந்தது, ஆணை வரவில்லை. ஏப்ரல் 30 அன்று கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரேயும் அவருடைய ஓட்டுநரும் பலேர்மோவில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மாஃபியா உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கும் மசோதாவை 1980-இல் கொண்டுவந்தவர் லா தோர்ரே. புதிய பிரிஃபெக்டின் முதல் கடமைகளில் ஒன்று அவருடைய இறுதி ஊர்வலத்தில் நிற்பது.

இருந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. நிதிக் காவல்படையைக் கொண்டு வங்கிக் கணக்குகளையும் பொதுப்பணி ஒப்பந்தங்களையும் கிளறத் தொடங்கினார். பள்ளி மாணவர்களிடமும் கப்பல் கட்டும் தொழிலாளர்களிடமும் போய்ப் பேசினார். ஜூலையில் காவல்துறையும் காராபினியேரியும் சேர்ந்து மாஃபியாத் தலைவன் மிக்கேலே கிரேக்கோ உள்ளிட்ட 162 பேரின் மீது ஓர் அறிக்கை அளித்தன. பின்னால் வந்த பெருவழக்கின் விதை அதுதான். ஆகஸ்ட் 10 அன்று ‘லா ரெப்பூப்ளிக்கா’ நாளிதழில் ஜோர்ஜோ போக்காவுக்கு அளித்த நேர்காணலில், கேட்ட அதிகாரம் கைக்கு வரவில்லை என்பதை ஊரறியச் சொன்னார். கதானியாவின் நான்கு பெரும் கட்டுமான முதலாளிகள் பலேர்மோ மாஃபியாவின் சம்மதத்தோடு அங்கே காலூன்றுகிறார்கள் என்றார். மாஃபியா விலைக்கு விற்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி குடிமகனுக்கு உரிமையாகவே கிடைக்க வேண்டியது. அதை அரசு ஒழுங்காகக் கொடுத்தால் மாஃபியாவின் கடையில் சரக்கு இருக்காது என்பது அவர் வாதம். ஒரு காவல் அதிகாரியிடமிருந்து வந்த மிகக் கூர்மையான கருத்து இது. அதே ஆகஸ்டில் அமெரிக்கத் தூதரக அதிகாரியிடமே, ரோமாபுரியை அசைக்க உங்கள் அரசு ஏதாவது செய்யுமா என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்.

1982 செப்டம்பர் 3, இரவு ஒன்பதேகால். அவரும், ஜூலையில் அவர் மணந்துகொண்ட எமனுவேலா செத்தி கர்ராரோவும் ஒரு சிறிய ஏ-112 காரில் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் மனைவி. குண்டு துளைக்காத வண்டி இல்லை. பின்னால் காவலர் தொமேனிக்கோ ருஸ்ஸோவின் கார் மட்டும். வியா கரீனி தெருவில் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகளால் சுட்டார்கள். தம்பதியர் அங்கேயே இறந்தனர். ருஸ்ஸோ பன்னிரண்டு நாள் கழித்து இறந்தார். பிரிஃபெக்ட் இல்லத்தின் இரும்புப்பெட்டி பிறகு திறக்கப்பட்டபோது ஆவணம் எதுவும் இல்லாமல் காலியாக இருந்தது. இறுதிச் சடங்கில் அமைச்சர்களின் மீது கூட்டம் நாணயங்களை வீசியது. குடியரசுத் தலைவர் பெர்தீனியை மட்டும் விட்டுவைத்தது.

உயிரோடு இருந்தவருக்கு ஐந்து மாதமாக வராத அதிகாரம், இறந்த மூன்றாம் நாள் வந்தது. செப்டம்பர் 6 அன்றைய அவசர ஆணை, மாஃபியா எதிர்ப்புக்கென ஓர் உயர் ஆணையரை ஏற்படுத்தியது. செப்டம்பர் 13 அன்று லா தோர்ரேயின் மசோதா, உள்துறை அமைச்சர் ரொஞ்ஞோனியின் பெயரும் சேர்ந்து 646-ஆம் எண் சட்டமாயிற்று. அது கொண்டுவந்த 416-பிஸ் பிரிவின்படி, மிரட்டலையும் வாய் திறவாமையையும் பயன்படுத்தித் தொழிலையோ ஒப்பந்தத்தையோ கைப்பற்றும் கூட்டத்தில் இருப்பதே குற்றம். கூடவே, குடும்பத்தார் பெயரிலும் பினாமி பெயரிலும் உள்ள சொத்துகளை ஆராய்ந்து, நியாயமான வருமானத்தைக் காட்ட முடியாதபோது பறிமுதல் செய்ய வழி பிறந்தது. 1996-இல் வந்த இன்னொரு சட்டம் அப்படிப் பறித்த சொத்தைச் சமூகப் பயனுக்குக் கொடுக்க வகைசெய்தது. கொர்லேயோனே வட்டாரத்தில் மாஃபியாவிடமிருந்து மீட்ட நிலங்களில் ரிட்சொத்தோவின் பெயர் தாங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கம் பயிரிடுகிறது.

ஜோவான்னி ஃபல்கோனே, பாவ்லோ போர்செல்லினோ ஆகிய நீதிபதிகள் புதிய சட்டத்தையும், மாஃபியாவிலிருந்து அப்ரூவராக மாறிய தொம்மாசோ புஷெத்தாவின் வாக்குமூலத்தையும் கொண்டு கட்டிய பெருவழக்கு 1986 பிப்ரவரி 10 அன்று தொடங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 475 பேர். 1987 டிசம்பரில் 19 ஆயுள் தண்டனையும் மொத்தம் 2665 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கின் அடிப்படையை ஏற்றது. வியா கரீனி கொலைக்கு ஆணையிட்டவர்களாக ரீனா, புரொவென்சானோ, கிரேக்கோ முதலியோர் தண்டிக்கப்பட்டார்கள். சுட்டவர்களில் சிலருக்கு 2002-இல்தான் தண்டனை கிடைத்தது. ஜெனரலைச் சிசிலிக்கு அனுப்பிய விதத்திலும், அவர் ஒழிவதை விரும்பிய நலன்கள் அரசு நிறுவனங்களுக்குள்ளேயே இருந்தனவா என்பதிலும் இருள் விலகவில்லை என்று அந்தத் தீர்ப்பே எழுதிவைத்தது.

அவருடைய தனிப்பிரிவின் வாரிசாக 1990-இல் காராபினியேரிக்குள் ரோஸ் என்னும் சிறப்பு நடவடிக்கைப் படை உருவானது. 1993 ஜனவரி 15 அன்று பலேர்மோவில் ரீனாவைப் பிடித்தது அதுதான். பிடித்தபின் அவன் வீட்டை உடனே சோதிக்கவில்லை. யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம் என்பது காரணம். ஆனால் கண்காணிப்பையும் அன்றே விலக்கிக்கொண்டார்கள். பதினெட்டு நாள் கழித்துப் போனபோது வீடு காலி. இதற்காக வழக்கில் சிக்கிய அதிகாரி மரியோ மோரி, தல்லா கியேசாவின் காலத்திலேயே பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவில் இருந்தவர், 2006-இல் விடுதலையானார். பொறுத்திருந்து பின்தொடரும் முறை, பின்தொடர ஆள் இல்லாவிட்டால் எதிரிக்கே உதவும் என்பதற்கு இந்தச் சம்பவத்தை இத்தாலியர் காட்டுகிறார்கள். புரொவென்சானோவைக் காவல்துறை 2006-இல் கொர்லேயோனே அருகே ஒரு பண்ணையில் பிடித்தது. கடைசிப் பெருந்தலைவன் மத்தேயோ மெஸ்ஸீனா தெனாரோ 2023 ஜனவரி 16 அன்று, முப்பது ஆண்டுத் தலைமறைவுக்குப்பின், பலேர்மோவின் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் ரோஸ் படையிடம் சிக்கினான். புற்றுநோயாளிகளின் சிகிச்சைப் பதிவேடுகளை வரிவரியாகச் சல்லடை போட்டுத்தான் அவனிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.